கொரோனா பூட்டியது சில வாரம்தான், சின்ன யூனிட்டுகள் மூடியது அதற்கப்புறம். ஏன்?

ஸ்பிண்டில்:

"கொரோனாவால் சிறுதொழில் அழிந்தது" என்று எல்லோரும் சொல்கிறார்கள். எப்படி என்று கேட்டால் "ஊரடங்கு" என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. எனக்கு அந்தப் பதில் போதவில்லை.

கோவையில் பம்ப் பாகங்களுக்கு ஜாப் ஒர்க் (கம்பெனிகளுக்குக் கூலிக்குக் கடைந்து கொடுப்பது) செய்யும் சின்ன லேத் பட்டறை எங்களுடையது. எங்கள் தெருவில் இன்று பூட்டிக் கிடக்கும் ஷெட் எதுவும் 2020 ஏப்ரலில் மூடியதல்ல. 2021 கடைசியிலும் 2022-லும் மூடியவை. அதுவும் வேலை இல்லாமல் மூடவில்லை, கையில் ஆர்டர் இருக்கும்போதே மூடினார்கள். இதைத்தான் பேச வேண்டும் என்று நினைக்கிறேன்.

பம்ப் தொழிலுக்கு மார்ச் முதல் மே வரை சீசன். கிணற்றில் தண்ணீர் இறங்கும், போர்வெல்லை ஆழப்படுத்துவார்கள், பழைய மோட்டாரில் காயில் எரியும், புதிது வாங்குவார்கள். அந்த விற்பனைக்காகக் கம்பெனிகள் டிசம்பர், ஜனவரியிலிருந்தே சரக்கு சேர்க்கும். நாங்களும் இரவு ஷிப்ட் போட்டு ஷாஃப்டும் இம்பெல்லரும் கடைந்து கொடுப்போம். அப்படிச் சேர்த்த சரக்கெல்லாம் டீலர் குடோனில் இருந்தபோதுதான் 2020 மார்ச் 24 ராத்திரி அறிவிப்பு வந்தது. சீசன் அப்படியே போய்விட்டது. விவசாயி வாங்கவில்லை, டீலர் கம்பெனிக்குக் கட்டவில்லை, கம்பெனி எங்களுக்குக் கொடுக்கவில்லை. ஜனவரி, பிப்ரவரி பில்லுக்கு ஆகஸ்ட், செப்டம்பரில்தான் துண்டு துண்டாகப் பணம் வந்தது.

மே மாதம் ஷட்டரைத் திறந்தபோது லேத் டேங்கில் கூலன்ட் அழுகிப்போய் உள்ளே நிற்க முடியாத நாற்றம். பெட் மேல் செந்துரு. சக்குக்குக் கீழே விழுந்து கிடந்த சுருள் எல்லாம் துருவேறி ஒரே கட்டியாக இறுகியிருந்தது. அதையெல்லாம் சுத்தம் செய்து ஒரு வாரத்தில் மெஷினை ஓட்டிவிட்டோம். மெஷின் ஓடிவிட்டது, பணம் ஓடவில்லை.

அந்த வருடம் மழை நன்றாகப் பெய்தது. தீபாவளி வாக்கில் ஆர்டர் குவிந்தது. அதே நேரத்தில் இரும்பும் செம்பும் ஏற ஆரம்பித்தன. 2021 மே மாதம் லண்டன் சந்தையில் செம்பு டன்னுக்கு 10,000 டாலரைத் தாண்டியது. கம்பெனிகள் பம்ப் விலையை உயர்த்திக்கொண்டன. ஜாப் ஒர்க் ரேட்டை மட்டும் யாரும் தொடவில்லை. மெட்டீரியலோடு சேர்த்துச் செய்து கொடுப்பவர்கள் பாடு இன்னும் மோசம். ராடு வாங்கப் போனால் கடைக்காரர் ரொக்கம் கேட்கிறார், ஏனென்றால் நாளைக்கு விலை வேறு. கம்பெனியோ பழையபடி தொண்ணூறு நாள், நூற்றிருபது நாள் என்கிறது. நடுவில் நிற்பவன் அந்தப் பணத்தை எங்கிருந்து கொண்டுவருவான்?

நோய் எங்களை மூடவில்லை, பணம் சுற்றுவது நின்றதுதான் மூடியது. இது என் எண்ணம். மற்ற ஊர், மற்ற தொழிலில் இருப்பவர்கள் எழுதுங்கள்.

பின்னல்நகரம்:

ஸ்பிண்டில் அண்ணா, திருப்பூரிலும் கடைசியில் அதே இடத்துக்குத்தான் வந்து சேர்ந்தோம், ஆனால் அடி வேறு பக்கத்திலிருந்து விழுந்தது. உங்களுக்கு வாங்குபவன் ஊருக்குள்ளேயே இருக்கிறான். எங்களுக்கு ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் இருக்கிறான். இங்கே ஊரடங்கு வருவதற்கு ஒரு வாரம், பத்து நாள் முன்பே அங்கே கடைகளை மூடிவிட்டார்கள். உடனே பையரிடமிருந்து மெயில் வர ஆரம்பித்தது. "ஹோல்ட்" என்று ஒரே சொல். ரத்து என்று எழுதினால் சட்டப்படி ஏதாவது கேட்கலாம். ஹோல்ட் என்றால் ஒன்றும் செய்ய முடியாது. துணி வெட்டியாகிவிட்டது, பாதி தைத்தாகிவிட்டது, சில பேருடைய சரக்கு தூத்துக்குடி துறைமுகத்தில் நிற்கிறது. கோடைச் சரக்கு. கோடை போனபின் அது யாருக்கு வேண்டும்? அப்புறம் டிஸ்கவுண்ட் கேட்டு எடுத்துக்கொண்டார்கள். எக்ஸ்போர்ட்டர் அந்த டிஸ்கவுண்டைத் தன் கீழே இருக்கிற ஜாப் ஒர்க் யூனிட் தலையில் பாதி இறக்கினார். நான் பவர்டேபிள் தையல் மெஷின் வைத்து தைத்துக் கொடுக்கும் ஆள், அதனால் எனக்கு இது நன்றாகத் தெரியும்.

வெளியே தெரியாத செலவுகளையும் சொல்ல வேண்டும். சாயப்பட்டறை ஓடாவிட்டாலும் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தில் பயாலஜிக்கல் டேங்கில் கழிவுத் தண்ணீரைச் சுத்தம் செய்யும் நுண்ணுயிரை உயிரோடு வைத்திருக்க வேண்டும். அது செத்துப்போனால் திரும்ப வளர்த்தெடுக்க வாரக்கணக்கில் ஆகும். 2011 நீதிமன்ற உத்தரவுக்கப்புறம் ஒரு சொட்டு சாயத்தண்ணீர்கூட வெளியே விட முடியாது, ஆக டேங்க் தயாராகாமல் சாயப்பட்டறையைத் திறக்கவே முடியாது. துணி ஒரு கிலோகூட வராத மாதங்களிலும் ஆள் போட்டு, கரண்ட் கட்டி அதைக் காப்பாற்றினார்கள்.

ஆனால் இன்னொரு பக்கமும் உண்டு. பி.பி.இ. கிட் (தொற்றுக் காப்பு உடை), மாஸ்க் என்று புதுத் தொழில் வந்தது. 2020 தொடக்கத்தில் நம் நாட்டில் பி.பி.இ. உடை செய்பவர்கள் இல்லை என்றே சொல்லலாம், மே மாதத்துக்குள் ஒரு நாளைக்கு லட்சக்கணக்கில் தைத்தோம். கோவையில் சிட்ரா என்ற ஜவுளி ஆராய்ச்சி நிலையத்தில் செயற்கை ரத்தம் ஊடுருவுகிறதா என்று துணியைச் சோதித்துச் சான்று கொடுப்பார்கள், அந்தச் சான்றுக்கு வரிசை கட்டி நின்றார்கள். தையலில் ஊசி ஓட்டை வழியே திரவம் போகக் கூடாது, அதனால் தைத்த இடத்தின் மேல் டேப் ஒட்ட வேண்டும். சீம் சீலிங் மெஷின் அப்போது ஊரில் கிடைக்கவே இல்லை. அந்த மெஷினைச் சீக்கிரம் பிடித்தவர்கள் ஒரு ஆறு மாதம் நன்றாகச் சம்பாதித்தார்கள். அவர்களைப் பார்த்து எல்லோரும் குதித்தபோது விலை விழுந்துவிட்டது. கடன் வாங்கி மெஷின் போட்டவர்களுக்கு அந்த மெஷின்தான் மிஞ்சியது.

மெர்ச்_டாக்கா:

2020-ல் டாக்காவுக்குப் பக்கத்தில் காஜிப்பூரில் ஒரு கார்மென்ட் ஃபேக்டரியில் மெர்ச்சண்டைசராக (பையரின் ஆர்டரைக் கவனிப்பவர்) இருந்தேன். பின்னல்நகரம் சொல்லும் "ஹோல்ட்" மெயில் அங்கே இன்னும் பெரிய அளவில் வந்தது. வங்கதேச ஆடை ஏற்றுமதியாளர் சங்கம் அப்போது போட்ட கணக்குப்படி ரத்தானதும் நிறுத்தி வைக்கப்பட்டதும் சேர்த்து 300 கோடி டாலருக்கு மேல். அந்த நாட்டு ஏற்றுமதியில் ஐந்தில் நான்கு பங்குக்கும் மேல் ஆடைதான். வேறு எதைக் காட்டி நாடு தாங்கும்?

அங்கே ஃபேக்டரிகள் துணியை பேக் டு பேக் எல்.சி. (பணம் தருவதாக வங்கி கொடுக்கும் உறுதிக் கடிதம்) மூலம் வாங்கும். பையர் கொடுத்த ஆர்டரை வங்கியில் காட்டி, அதை நம்பி சீனாவிலிருந்தோ இந்தியாவிலிருந்தோ துணி இறக்குவோம். பையர் ஆர்டரை நிறுத்தினாலும் துணிக்காரனுக்கான எல்.சி. நிற்காது. தேதி வந்ததும் வங்கி அவனுக்குப் பணத்தைக் கொடுத்துவிட்டு, ஃபேக்டரி பெயரில் கடனாக எழுதிவிடும். சரக்கும் போகவில்லை, பணமும் வரவில்லை, ஆனால் கடன் ஏறிவிட்டது. ஸ்பிண்டில் சொல்லும் அதே "நடுவில் நிற்பவன்" கதைதான்.

ஒரு விஷயத்தில் வங்கதேசம் சீக்கிரம் முடிவெடுத்தது என்பேன். 2020 மார்ச் 25-ஆம் தேதியே ஏற்றுமதித் தொழிலுக்கு 5,000 கோடி டாக்கா (அந்த நாட்டு நாணயம்) ஒதுக்கினார்கள். கடன்தான், இரண்டு சதவீத சேவைக் கட்டணத்தில். ஆனால் அதைச் சம்பளத்துக்கு மட்டுமே செலவு செய்யலாம், அதுவும் தொழிலாளியின் மொபைல் கணக்குக்கு நேராகப் போக வேண்டும். முதலாளி கையில் பணம் தங்காது. அதுவரை கையில் ரொக்கமாகச் சம்பளம் வாங்கிய லட்சக்கணக்கான பெண்களுக்கு அந்த ஏப்ரலில்தான் மொபைல் கணக்கு திறந்தார்கள்.

இதற்காக அங்கே எல்லாம் சரியாக நடந்தது என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். ஏப்ரல் முதல் வாரம் ஃபேக்டரி திறக்கிறது என்று நம்பி, பஸ் இல்லாமல் ஊரிலிருந்து நடந்தும் லாரியில் தொற்றியும் டாக்காவுக்கு வந்து சேர்ந்தார்கள். வந்தபின் விடுமுறையை நீட்டித்துவிட்டோம், திரும்பிப் போங்கள் என்றார்கள். கைக்குழந்தையோடு வந்தவர்களையும் பார்த்தேன். அதை மறக்க முடியாது.

ஓவர்லாக்:

இத்தனை பேர் எழுதியிருக்கிறீர்கள், மெர்ச் அண்ணன் ஒருவரைத் தவிர யாரும் மெஷினில் உட்கார்ந்தவர்களைப் பற்றிப் பேசவில்லை. நான் திருப்பூரில் டெய்லர். இப்போது ஒரு லைனுக்கு சூப்பர்வைசர்.

பூட்டிய மாதங்களுக்கு முழுச் சம்பளம் கொடுக்க வேண்டும் என்று மார்ச் 29-ஆம் தேதி உள்துறை அமைச்சகம் உத்தரவு போட்டது. மே மாதம் அதைத் திரும்பப் பெற்றார்கள். ஜூன் 12-ஆம் தேதி சுப்ரீம் கோர்ட், முதலாளியும் தொழிலாளியும் பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள் என்றது. பீஸ் ரேட்டில் (தைத்த எண்ணிக்கைக்குக் கூலி) இருப்பவளுக்கு எந்தக் கணக்கில் சம்பளம் கேட்பது? கான்ட்ராக்டர் மூலம் வந்தவள் யாரிடம் போய்ப் பேசுவது? எனக்குக் கொடுத்தது அட்வான்ஸ். கம்பெனி திறந்ததும் வாரா வாரம் பிடித்துக்கொண்டார்கள்.

ஒடிசா பெண்கள் எங்கள் லைனில் நிறைய. ஹாஸ்டலில் அரிசி இருந்தது, ஆனால் வீட்டுக்கு அனுப்பப் பணம் இல்லை. வீட்டிலிருந்து போன் வந்தால் எடுக்கப் பயப்படுவார்கள். மே மாதம் சிறப்பு ரயில் விட ஆரம்பித்ததும் பெயர் கொடுத்துவிட்டு மூட்டையைக் கட்டி வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள். அவர்கள் போனபின் "ஆள் கிடைக்கவில்லை, அதனால்தான் யூனிட் நஷ்டம்" என்று பேச்சு வந்தது. ஏன் போனார்கள் என்று கேட்டீர்களா? பாக்கி வைத்துக்கொண்டு திரும்ப வா என்றால் யார் வருவார்கள்? எங்களுக்குத் தெரிந்த ஒரு சின்ன யூனிட்டில் முதலாளி அண்ணன் மனைவியின் நகையை வைத்து வாரம் ஒருவருக்கு ஆயிரம் என்று கொடுத்தார். ஜூன் கடைசியில் அவர் கூப்பிட்டதும் முக்கால்வாசிப் பேர் அங்கேதான் திரும்பினார்கள்.

மாஸ்க் பற்றியும் சொல்ல வேண்டும். மூன்று மடிப்பு, இரண்டு பக்கமும் எலாஸ்டிக், ஓரம் அடித்தால் ஒரு மாஸ்க். கூலி பைசாக் கணக்கு. மாஸ்க் போட்டுக்கொண்டு, காற்று வராத ஷெட்டில், ஒரு மெஷின் விட்டு ஒரு மெஷினில் உட்கார்ந்து தைத்தோம். பாதி ஆட்கள்தான் என்று விதி, ஆனால் டார்கெட் பாதியாகவில்லை.

பின்னல்நகரம்:

ஓவர்லாக் அக்கா சொல்வது நியாயம். நானும் பார்த்தேன், ஊரடங்கில் ஆட்களைக் கவனித்துக்கொண்ட யூனிட்டுகள்தான் செப்டம்பரில் முதலில் ஓடின. ஆனால் அந்த அண்ணன் நகையை வைத்தாரே, அதைத் திருப்பினாரா?

ஓவர்லாக்:

இல்லை. 2022-ல் நூல் விலை ஏறியபோது மெஷினை விற்றுவிட்டார். இப்போது வேறு ஒரு கம்பெனியில் கட்டிங் மாஸ்டராக இருக்கிறார்.

கடன்பிரிவு:

பொதுத்துறை வங்கி ஒன்றில் சிறுதொழில் கடன் பார்த்து ஓய்வு பெற்றவன் நான். ஸ்பிண்டில் கேட்ட "அந்தப் பணத்தை எங்கிருந்து கொண்டுவருவான்" என்ற கேள்விக்கு வங்கியின் பக்கமிருந்து எழுதுகிறேன்.

முதலில் தவணை ஒத்திவைப்பு. மார்ச் 27-ல் ரிசர்வ் வங்கி மூன்று மாதம் கொடுத்தது, பிறகு ஆகஸ்ட் 31 வரை நீட்டியது. பலர் இதை தள்ளுபடி என்று நினைத்துக்கொண்டார்கள். வட்டி ஓடிக்கொண்டேதான் இருந்தது. வட்டிக்கு வட்டி போட்டதில் இரண்டு கோடி வரையிலான கடன்களுக்கு மட்டும் அந்த வித்தியாசத்தை அரசே பிறகு ஏற்றது. சாதாரண வட்டியைக் கட்டத்தான் வேண்டும்.

அடுத்தது மே 13-ல் அறிவித்த மூன்று லட்சம் கோடி அவசரக் கடன் உத்தரவாதத் திட்டம். இதை நான் குறை சொல்ல மாட்டேன். அடமானம் கிடையாது, நூறு சதவீதம் அரசு உத்தரவாதம், வங்கியில் வட்டி அதிகபட்சம் 9.25 சதவீதம், முதல் வருடம் அசல் கட்ட வேண்டாம். எங்கள் கிளையில் இரவு எட்டு மணி வரை உட்கார்ந்து சாங்ஷன் போட்டோம். அந்தப் பணம் பல குடும்பங்களைக் காப்பாற்றியது.

ஆனால் அது யாருக்குக் கிடைத்தது என்று பாருங்கள். 2020 பிப்ரவரி 29 அன்று பாக்கி இருந்த கடனில் 20 சதவீதம் என்பது அளவு. பத்து லட்சம் கடன் இருந்தவருக்கு இரண்டு லட்சம். ஐந்து கோடி இருந்தவருக்கு ஒரு கோடி. வங்கிக் கடனே இல்லாமல் கைக்காசில் நடத்தியவருக்கு ஒன்றுமில்லை. அந்தத் தேதியில் 60 நாளுக்கு மேல் தவணை தவறியவருக்கும் இல்லை. நாட்டில் 6.33 கோடி சிறு, குறு, நடுத்தர நிறுவனங்கள் என்று 2015-16 கணக்கெடுப்பு சொன்னது. அதில் 6.30 கோடி குறு நிறுவனங்கள். அவற்றில் பெரும்பாலானவை வங்கிக் கடன் வாங்காதவை. திட்டத்தின் கதவே அவர்கள் பக்கம் இல்லை.

பி.எஃப். சலுகையிலும் இதே கதைதான். நூறு பேர் வரை வேலை செய்யும் இடங்களில், 90 சதவீதம் பேர் 15,000-க்குக் கீழ் சம்பளம் வாங்கினால் இரண்டு பக்கப் பங்கையும் அரசே கட்டும் என்றார்கள். பி.எஃப். பதிவே இல்லாத ஆறு பேர் பட்டறைக்கு அதனால் என்ன?

கடன் வாங்கியவர்களுக்கும் ஒரு சிக்கல் வந்தது. 2020 ஜூலை, ஆகஸ்டில் வாங்கியவர்களுக்கு ஒரு வருட விலக்கு முடிந்தது 2021 ஜூலை, ஆகஸ்டில். அப்போதுதான் இரண்டாம் அலை ஊரடங்கு முடிந்திருந்தது, மூலப்பொருள் விலை உச்சத்தில் இருந்தது. பழைய தவணை, புதுத் தவணை, சி.சி. (அன்றாடச் செலவுக்கான வங்கிக் கடன்) வட்டி மூன்றும் ஒரே மாதத்தில் விழுந்தன. உங்கள் தெருவில் 2021 கடைசியில் மூடினார்கள் என்றீர்களே, அந்தத் தேதிக்குக் காரணம் இதுவாக இருக்க வாய்ப்பு அதிகம்.

பவுண்டரி_மண்:

எல்லோரும் பணத்தைப் பற்றியே பேசுகிறீர்கள். "நோய் எங்களை மூடவில்லை" என்று ஸ்பிண்டில் எழுதியதை என்னால் ஏற்க முடியாது. 2020-க்கு அது பொருந்தலாம். 2021 மே மாதத்துக்குப் பொருந்தாது.

நாங்கள் ஸ்டீல் காஸ்டிங். வார்த்தபின் ரைசரை (வார்ப்பின் மேல் மிஞ்சி நிற்கும் உலோகம்) ஆக்சிஜன் வைத்து கேஸ் கட்டிங்கில்தான் வெட்ட வேண்டும். ஏப்ரல் 22 முதல் தொழிற்சாலைக்கு ஆக்சிஜன் கிடையாது, ஒன்பது தொழிலுக்கு மட்டும் விலக்கு என்று உத்தரவு வந்தது. மூச்சுக்குத் திணறுகிறவர்களுக்குப் போக வேண்டிய ஆக்சிஜன், அதில் எங்களுக்கு மறுபேச்சே இல்லை. இருந்த சிலிண்டர்களையும் ஏஜென்சி வந்து எடுத்துப்போனது. மே 10-ல் முழு ஊரடங்கு. மாதக் கடைசியில் தினசரித் தொற்றில் கோவை சென்னையையே தாண்டிவிட்டது. ஜூனில் மற்ற மாவட்டங்களுக்குத் தளர்வு கொடுத்தபோதும் கோவை, திருப்பூர், ஈரோடு, சேலம் எல்லாம் கட்டுப்பாட்டிலேயே இருந்தன.

அந்த ஒரு மாதத்தில் எங்கள் வட்டாரத்தில் பட்டறை முதலாளிகள் பலர் இறந்தார்கள். பெரிய கம்பெனியில் எம்.டி. இறந்தால் அடுத்த நாள் வேறு ஒருவர் கையெழுத்துப் போடுவார். ஆறு பேர் பட்டறையில் முதலாளிதான் டை செட்டர், அவர்தான் ரேட் பேசுபவர், அவர்தான் வசூலுக்குப் போகிறவர். யார் எவ்வளவு தர வேண்டும் என்பது அவர் பாக்கெட் நோட்டில் இருக்கும், பாதி அவர் மனதில் இருக்கும். புரொப்ரைட்டர்ஷிப் என்றால் அவருடைய பான், அவருடைய ஜி.எஸ்.டி. எண், அவருடைய கணக்கு. அவர் இறந்ததும் கணக்கு நிற்கும். வாரிசுச் சான்று வாங்கி, மனைவி பெயரில் புது ஜி.எஸ்.டி. பதிவு எடுத்து, கம்பெனியில் வெண்டர் கோடு மாற்றி, பழைய பில்லுக்குப் பணம் கேட்டால் "அவரிடம் ரிஜெக்ஷன் (குறை என்று ஒதுக்கிய சரக்கு) பாக்கி இருக்கிறது" என்று ஒரு தொகையைக் கழிப்பார்கள். இல்லை என்று சொல்ல அவர் இல்லை.

ஆர்டர் இருந்தது, மெஷின் இருந்தது, மகனும் இருந்தான். ஆனால் ரன்னரை (உருகிய உலோகம் போகும் வழி) எங்கே வைத்தால் அந்த காஸ்டிங்கில் ப்ளோ ஹோல் (காற்று அடைத்த ஓட்டை) வராது என்பது மகனுக்குத் தெரியாது. இப்படி மூடியதை நான் நோய் மூடியது என்றுதான் சொல்வேன்.

ஸ்பிண்டில்:

நீங்கள் எழுதியதைப் படித்ததும் எனக்கே இரண்டு முகங்கள் கண்முன் வந்தன. அந்த மே மாதத்தைத் தனியாகத்தான் வைக்க வேண்டும். அது பணம் கொடுத்து மீட்கக்கூடியது அல்ல. ஆனால் இறந்தவரின் பில்லில் கைவைக்க முடிந்ததே, அது நோய் செய்ததல்ல. அது முன்பே இருந்த முறை.

ஆய்வுமாணவி:

பொருளாதாரம் படிக்கிறேன், இந்த இழையைத் தொடர்ந்து படித்து வருகிறேன். எனக்கு ஒரு குழப்பம். 2020 ஏப்ரல்-ஜூன் காலாண்டில் ஜி.டி.பி. 23.9 சதவீதம் விழுந்தது, உற்பத்தித்துறை 39.3 சதவீதம் விழுந்தது என்று முதல் மதிப்பீடு வந்தது. அது சரி. ஆனால் அடுத்த வருடமே மீண்டுவிட்டது என்கிறார்கள். திருப்பூர் ஏற்றுமதி 2020-21-ல் ஏறத்தாழ 25,000 கோடி, 2021-22-ல் 33,000 கோடிக்கு மேல். மூடிய யூனிட்டுகள் ஏன் இந்த எண்ணில் தெரியவில்லை?

பின்னல்நகரம்:

எங்கள் ஊர் எண் என்பதால் நான் சொல்கிறேன். 2021-22-ல் ஏற்றுமதி ரூபாயில் ஏறியது உண்மை. சீனாவை விட்டு வேறு இடம் தேடிய பையர்கள் வந்தார்கள், வீட்டிலேயே இருந்த ஜனங்கள் பனியன் துணியில் நிறைய வாங்கினார்கள். ஆனால் அந்த ரூபாயில் ஒரு பங்கு நூல் விலை. 2021 நவம்பரில் ஒரே நாளில் கிலோவுக்கு 50 ரூபாய் ஏற்றினார்கள், அந்த மாதக் கடைசியில் ஊரே கடையடைப்பு செய்தது. 2022 மே மாதம் பஞ்சு ஒரு கண்டி லட்சம் ரூபாயைத் தாண்டியது. கண்டி என்றால் 356 கிலோ. அந்த மாதம் இரண்டு நாள் வேலைநிறுத்தம். பஞ்சு இறக்குமதி வரியை ஏப்ரலில் ரத்து செய்திருந்தார்கள், ஆனால் கப்பல் வந்து சேர வேண்டுமே.

பையரிடம் ரேட் பேசுவது நான்கைந்து மாதம் முன்பு. அன்றைய நூல் விலையில் கணக்குப் போட்டுக் கையெழுத்துப் போடுவோம். துணி வாங்கும்போது விலை எங்கேயோ இருக்கும். கூடவே கன்டெய்னர் கிடைக்கவில்லை, கிடைத்தாலும் வாடகை பல மடங்கு, 2021 மார்ச்சில் சூயஸ் கால்வாயில் கப்பல் குறுக்கே நின்றது வேறு. பெரிய எக்ஸ்போர்ட்டர் நஷ்டத்தில் ஒரு ஆர்டர் முடித்து அடுத்ததில் எடுத்துவிடுவார். சொந்த ஸ்பின்னிங் மில் வைத்திருப்பவருக்கு ஒரு கையில் போவது இன்னொரு கையில் வரும். சின்ன ஆளுக்கு ஒரு நஷ்ட ஆர்டர் போதும். அவருடைய ஆர்டர் பெரியவரிடம் போகும். ஊர் மொத்த எண்ணில் ஒரு ரூபாய்கூடக் குறையாது.

கடன்பிரிவு:

மாணவிக்கு இன்னொரு காரணமும் சொல்கிறேன். காலாண்டு ஜி.டி.பி. போடும்போது பட்டறைகளின் கணக்கு கையில் இருக்காது. பெரிய கம்பெனிகளின் காலாண்டு முடிவு, தொழில் உற்பத்திக் குறியீடு இவற்றைப் பார்த்து மற்றவர்களும் அதே மாதிரி போயிருப்பார்கள் என்று வைத்துக்கொள்வார்கள். சின்னவரின் ஆர்டர் பெரியவரிடம் போன வருடத்தில் அந்த முறை நேர்மாறாகக் காட்டும்.

பதிவு பெறாத நிறுவனங்களுக்குத் தனிக் கணக்கெடுப்பு இருக்கிறது, அதைப் பாருங்கள். உற்பத்தித்துறையில் 2015-16-ல் சுமார் 1.97 கோடி நிறுவனங்கள், 3.6 கோடி பேர் வேலை. 2022-23-ல் சுமார் 1.78 கோடி நிறுவனங்கள், 3.06 கோடி பேர். நடுவில் பணமதிப்பிழப்பும் ஜி.எஸ்.டி.யும் வந்தன, ஆக முழுப் பழியையும் கொரோனா மேல் போட முடியாது. ஏற்கெனவே இரண்டு அடி வாங்கி நின்றவர்கள் மேல் மூன்றாவது விழுந்தது.

ஓவர்லாக்:

அந்த ஐம்பது லட்சத்துச் சொச்சம் பேர் எங்கே போனார்கள் என்று உங்கள் கணக்கில் இருக்கிறதா அண்ணா?

கடன்பிரிவு:

அந்தக் கணக்கெடுப்பில் இருக்காது அம்மா. தொழிலாளர் கணக்கெடுப்பில் அந்த வருடங்களில் விவசாயத்தில் வேலை செய்பவர்களின் பங்கு உயர்ந்தது. பல வருடமாகக் குறைந்துகொண்டே வந்த பங்கு அது. பட்டறையிலிருந்து வயலுக்குத் திரும்பியவர்கள் அதில் இருக்கிறார்கள்.

ஸ்பிண்டில்:

அப்படியானால் கேள்வியை இப்படி வைக்கிறேன். நாளைக்கு இன்னொரு கொரோனா வந்தால் எதை முதலில் சரி செய்திருக்க வேண்டும்? எனக்குக் கடன் வேண்டாம். என் பணம் எனக்கு வந்தால் போதும். 2006 சிறுதொழில் சட்டத்திலேயே 45 நாளில் பணம் தர வேண்டும் என்று இருக்கிறது. தாமதித்தால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி. அந்தச் சட்டம் 2020-ல் நடந்திருந்தால் எங்கள் தெருவில் பாதி ஷெட் திறந்திருக்கும். ஆனால் யார் புகார் கொடுப்பது? புகார் கொடுத்தவனுக்கு அடுத்த மாதம் டிராயிங் வராது, அதாவது ஆர்டர் வராது.

மெர்ச்_டாக்கா:

வருமான வரிச் சட்டத்தில் 43பி(எச்) என்று ஒரு பிரிவு கொண்டுவந்தார்களே. அதில் நீங்கள் புகார் கொடுக்கவே வேண்டாமே?

கடன்பிரிவு:

ஆமாம், 2023-24 நிதியாண்டிலிருந்து. குறு, சிறு நிறுவனத்துக்குத் தர வேண்டிய பணத்தைக் காலக்கெடுவுக்குள் தராவிட்டால், தரும் வருடம்வரை அதைச் செலவாகக் காட்டி வரியில் கழிக்க முடியாது. எழுத்தில் ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாள், இல்லாவிட்டால் 15 நாள். வாங்குபவரின் ஆடிட்டரே கேட்பார் என்பதுதான் இதன் பலம். 2024 மார்ச்சில் பல பேருக்குப் பழைய பாக்கி ஒரே மாதத்தில் வந்ததை நானே பார்த்தேன். பலவீனமும் உண்டு. நடுத்தர நிறுவனத்துக்கு இது பொருந்தாது. அதனால் சில பெரிய கம்பெனிகள் உத்யம் (சிறுதொழில் என்று அரசிடம் செய்யும் பதிவு) இல்லாதவரிடமோ நடுத்தரக்காரரிடமோ வேலையை மாற்றுவோம் என்று மிரட்டுகின்றன.

பவுண்டரி_மண்:

எங்களிடம் "உத்யம் பதிவை ரத்து செய்துவிட்டு வாருங்கள்" என்றே ஒரு பர்ச்சேஸ் மேனேஜர் கேட்டார். நாங்கள் செய்யவில்லை. பக்கத்துப் பட்டறை செய்துவிட்டது.

ஸ்பிண்டில்:

தயவு செய்து யாரும் அதைச் செய்யாதீர்கள். இன்று ரத்து செய்தால், பின்னால் எப்போது பிரச்சினை வந்தாலும் கேட்க ஒரு பிடி இருக்காது. இறந்தவர்களின் பில் பற்றி பவுண்டரி அண்ணன் எழுதியது என்னை விடவில்லை, அதனால் இன்னொன்றும் கேட்கிறேன். உங்கள் பாக்கி நோட்டில் இருப்பதை மாதம் ஒருமுறை வீட்டில் இன்னொருவருக்குப் புரிகிற மாதிரி எழுதி வையுங்கள். கம்பெனியிடமிருந்து மூன்று மாதத்துக்கு ஒருமுறை பேலன்ஸ் கன்ஃபர்மேஷன் (தர வேண்டிய பாக்கி இவ்வளவு என்ற உறுதி) மெயிலில் வாங்குங்கள். கடன்பிரிவு சார், பாக்கி வராததற்குப் புகார் செய்யும் அரசின் சமாதான் போர்ட்டலில் போடுவதற்கு என்னென்ன வேண்டும் என்று எழுத முடியுமா? இரண்டு பேர் தனிச் செய்தியில் கேட்டிருக்கிறார்கள்.

கடன்பிரிவு:

உத்யம் எண், பர்ச்சேஸ் ஆர்டர், பில், சரக்கு போய்ச் சேர்ந்ததற்கு டி.சி.யில் (டெலிவரி சலான்) அவர்கள் சீலும் தேதியும். டி.சி.யில் சீல் இல்லாமல்தான் பாதி மனுக்கள் இழுக்கின்றன, டிரைவரிடம் கண்டிப்பாகச் சொல்லி வையுங்கள். உத்யம் பதிவு அந்த ஆர்டருக்கு முந்தைய தேதியில் இருப்பது நல்லது. மனு மாநில வசதியாக்கக் குழுவுக்குப் போகும், முதலில் சமரசம் பேசுவார்கள், முடியாவிட்டால் தீர்ப்பாயமாக விசாரிப்பார்கள். வாங்கியவர் தீர்ப்பை எதிர்த்துக் கோர்ட்டுக்குப் போக வேண்டுமானால் தொகையில் 75 சதவீதத்தை முதலில் கட்ட வேண்டும். தனிச் செய்தியில் கேட்ட இருவரும் பில் தேதியை மட்டும் எனக்கு அனுப்புங்கள், மூன்று வருடக் காலவரம்பு தாண்டிவிட்டதா என்று முதலில் பார்த்துவிடலாம்.